பின் வரிசைக்கும் வெளிச்சம்



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் திருப்பதி ஒரு சந்திப்பிடம். தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு பக்கம். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு பக்கம். சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழும் உறவினர் மற்றொரு பக்கம். பழைய வட ஆர்க்காட்டின் பகுதிகளைக் கடப்பையின் சில பகுதிகளோடு சேர்த்து 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் பலமுறை மாறியும், இப்பக்கத்துக்கும் அப்பக்கத்துக்கும் பெண் கொடுப்பதும் கொள்வதும் நிற்கவில்லை.

இவ்வாறு கூடுகிறவர்கள், திருமணமாயினும் காதுகுத்தாயினும் முடியிறக்கும் வேண்டுதலாயினும், கலைந்து போகுமுன் ஒரு குழுப்படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படத்தில் மணமக்கள் நடுவில் இருப்பர். பெரியவர்கள் அவர்களை அடுத்து அமர்வர். குழந்தைகள் தரையில் உட்காருவர். மற்றவர்கள் பின்னால் நிற்பர். பின்னால் நிற்பவர்கள் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பேருந்தில் வந்திறங்கிய ஊர்க்காரர், பந்தியைக் கவனித்துவிட்டு ஓடி வந்த சித்தப்பா, கணவரை இழந்தபின் மங்கல காரியங்களில் தாமாகவே ஒதுங்கி நிற்கும் அத்தை ஆகியோரே பெரும்பாலும் அவ்வரிசையில் இருக்கிறார்கள். தனியாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இவர்களுக்குக் குறைவு. பின்னொரு நாளில் அவர்களுள் ஒருவர் மறைந்துவிட்டால், மாலையிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும். அப்பொழுது வீட்டார் பெட்டியைத் திறந்து, கலியாணக் குழுப்படத்திலிருந்துதான் அந்த முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்குகிறார்கள். அந்த முகம் தெளிவாக இருக்கிறதா, இருளில் ஒரு கறையாக நிற்கிறதா என்பது படம் எடுத்தவர் அன்று வைத்த சில எண்களைப் பொறுத்தது. அவ்வெண்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

காமிராவில் ஒளியின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று. லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது முதலாவது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டாவது. பிலிமோ இக்காலத்து டிஜிட்டல் தகடோ ஒளியை எவ்வளவு விரைவாக உணர்கிறது என்பது மூன்றாவது. துவாரத்தை எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற எண்களால் குறிக்கிறார்கள். எண் பெருகப் பெருகத் துவாரம் சுருங்கும். ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் ஒளி பாதியாகும். உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100, 200, 400 என்று குறிக்கிறார்கள். அங்கே எண் இருமடங்கானால் உணர்வும் இருமடங்காகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவற்றுக்கெல்லாம் தமிழ்ச்சொல் தேடும் ஆசை உண்டு. ஆயினும் திருப்பதிக் கடைத்தெருவில் காமிரா, லென்ஸ், ஷட்டர், பிளாஷ் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும். ஆகையால் அவற்றை அப்படியே வழங்குகிறேன்.

பகல் வெளிச்சத்தில் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும். பிளாஷ் வந்து சேர்ந்தவுடன் அக்கணக்கு மாறுகிறது. ஏனெனில் அப்பொழுது ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள் கலக்கின்றன. ஒன்று மண்டபத்தில் முன்பே இருக்கும் விளக்குகளின் ஒளி. அது ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் வந்துகொண்டே இருக்கும். மற்றொன்று பிளாஷின் ஒளி. அது முழு வலிமையில் வீசினாலும் ஏறத்தாழ 1000-இல் ஒரு பங்கு விநாடிக்குள் முடிந்துவிடும். ஷட்டர் 60-இல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தாலும் சரி, 200-இல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தாலும் சரி, உள்ளே வரும் பிளாஷ் ஒளி ஒன்றே. ஆகவே, பிளாஷ் படும் முகங்களின் தெளிவைத் துவாரமும் தூரமும் ஆள்கின்றன. பின்னணியில் எரியும் விளக்குகளின் அழகை ஷட்டர் ஆள்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஷட்டருக்கு ஒரு வரம்பு மட்டும் உண்டு. பெரும்பாலான காமிராக்களில் 200-இல் அல்லது 250-இல் ஒரு பங்கு விநாடிக்கு மேற்பட்ட வேகத்தில் ஷட்டரின் திரை முழுதும் திறந்து நிற்பதில்லை. ஒரு பிளவாகவே நகர்ந்து செல்கிறது. அந்நிலையில் சாதாரண முறையில் பிளாஷ் வீசினால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாகிவிடும்.

இனித் தூரத்துக்கு வருவோம். 1887-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளோடு வேறு இரசாயனங்களைக் கலந்து வெடிப்பொடி செய்தார்கள். படம் எடுப்பவர் தட்டிலே பொடியைக் கொட்டிப் பற்றவைப்பார். வெளிச்சத்தோடு புகையும் கிளம்பும். சில சமயங்களில் அவருடைய கையும் பொசுங்கும். 1930-ஐ ஒட்டிக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்த பிளாஷ் பல்புகள் கடைக்கு வந்தன. அதே காலத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்கர்டன், மீண்டும் மீண்டும் ஒளிரக்கூடிய மின்னணு பிளாஷை உருவாக்கினார். பொடியின் அளவு கைக்குக் கை மாறும். பல்பின் ஒளியோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கும். ஒளி நிலையானதாகவே, கணக்கும் நிலையானதாயிற்று. அக்கணக்கின் பெயரே வழிகாட்டி எண்.

வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய துவார எண் கிடைக்கும். உங்கள் பிளாஷின் எண், ஐ.எஸ்.ஓ. 100-இல், மீட்டர் கணக்கில் 40 என்று கொள்வோம். மணமக்கள் 5 மீட்டர் தொலைவில் நின்றால் 40-ஐ 5-ஆல் வகுக்க 8 வரும். எஃப் 8 வைக்கலாம். அவர்கள் 10 மீட்டர் தொலைவில் இருந்தால் எஃப் 4 வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் வழிகாட்டி எண் இருமடங்காகி 80 ஆகும். மீட்டர் என்பது மூன்றேகால் அடி. அளவு நாடா வேண்டுவதில்லை. சாதாரணமாக நடக்கும்போது நான்கு எட்டு வைத்தால் ஏறத்தாழ 3 மீட்டர் ஆகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: விளக்கின் ஒளியை மிகக் குறுகலாகக் குவித்து வீசும்போது கிடைக்கும் பெரிய எண்ணையே பல பெட்டிகளில் அச்சிடுகிறார்கள். குழுப்படத்துக்காக ஒளியை அகல விரித்தால் அவ்வெண் குறைந்துவிடும். ஆகையால் விழாவுக்கு முன்பே வீட்டில் ஒருவரை நிறுத்திச் சோதித்துப் பார்த்து, உங்கள் பிளாஷின் உண்மை எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இக்கணக்குக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. ஒரு சிறு விளக்கிலிருந்து செல்லும் ஒளி, தூரம் இருமடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகிறது. கெப்ளர் என்ற வானியல் அறிஞர் 1604-ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்தார். பின் வரிசை இருண்டு போவதன் காரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இடம் போதாத மண்டபத்தில் ஒருவர் மிக அருகில் நின்று, லென்ஸை அகலக் கோணத்தில் வைத்துப் படம் எடுக்கிறார். முன் வரிசை அவருக்கு 2 மீட்டரில் இருக்கிறது. பின் வரிசை 4 மீட்டரில் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்த குழந்தைகளுக்குக் கிடைக்கும் ஒளியில் கால் பங்குதான் பின்னால் நிற்கும் அத்தைக்குக் கிடைக்கும். குழந்தைகளுக்குச் சரியாக அளந்தால் அத்தை இருளில் மறைவார். அத்தைக்குச் சரியாக அளந்தால் குழந்தைகள் வெளுத்துப் போவார்கள். அதே மனிதர் 3 மீட்டர் பின்வாங்கினால் முன் வரிசை 5 மீட்டரிலும் பின் வரிசை 7 மீட்டரிலும் அமையும். அப்பொழுது பின் வரிசைக்கு முன் வரிசையின் ஒளியில் பாதி கிடைக்கிறது. இரண்டு படி வேற்றுமை ஒரு படியாகக் குறைந்துவிட்டது. நான்கு எட்டு பின்னால் வைத்ததன் பயன் இது.

இந்நிலையில் எண்களை எப்படி வைப்பது? ஐ.எஸ்.ஓ. 400, துவாரம் எஃப் 8, ஷட்டர் 60-இல் ஒரு பங்கு விநாடி என்று தொடங்கலாம். எஃப் 8-இல் முன் வரிசை, பின் வரிசை இரண்டும் கூர்மையாக விழும். அடுத்து, முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவே 6 மீட்டரைக் குறியாகக் கொள்ளுங்கள். 6-ஐ 8-ஆல் பெருக்க 48. நம்மிடமோ 80 இருக்கிறது. எனவே பிளாஷின் வலிமையைக் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் நடுவே குறைத்து வைத்தால் போதும். முன் வரிசைக்கு அரைப்படி கூடும். பின் வரிசைக்கு அரைப்படி குறையும். இவ்வளவு வேற்றுமையைக் கண் பொறுத்துக்கொள்ளும். பிளாஷைக் காமிராவிலிருந்து கழற்றித் தாங்கியில் உயர நிறுத்த முடிந்தால், அதன் முகத்தைப் பின் வரிசைத் தலைகளை நோக்கித் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் நடுப்பகுதி பின்னவர்களுக்கும், மங்கலான ஓரப்பகுதி முன்னவர்களுக்கும் சென்று, வேற்றுமை இன்னும் குறையும்.

'இக்காலத்துக் காமிரா இவற்றையெல்லாம் தானே கணக்கிடாதா?' என்று சிலர் கேட்கலாம். கணக்கிடும், ஆனால் அதற்கு மனிதர்களைத் தெரியாது. தன் முன்னுள்ளவை எல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எண்ணியே அது அளக்கிறது. நம் வீட்டுக் கலியாணத்திலோ வெள்ளை வேட்டிகள் வரிசையாக நிற்கின்றன; பட்டுச் சேலையின் சரிகை மின்னுகிறது. அவற்றைக் கண்ட கருவி, வெளிச்சம் மிகுந்துவிட்டதென்று கருதிப் பிளாஷைக் குறைத்துவிடுகிறது. வேட்டி சாம்பலாகிறது, முகங்கள் கறுக்கின்றன. அப்பொழுது பிளாஷின் திருத்தத்தை முக்கால் படியோ ஒரு படியோ கூட்ட வேண்டும். இரவில் திறந்த வெளியில் எடுக்கும்போது நிலைமை நேர்மாறாகும். கறுத்த வானத்தைக் கண்டு கருவி பிளாஷை மிகையாக வீசும். முகங்கள் சுண்ணாம்பு பூசியவை போலாகும். அங்கே திருத்தத்தைக் குறைக்க வேண்டும்.

நம் மேனி நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். 1950-களின் நடுப்பகுதியிலிருந்து கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்ப்பதற்கு ஆய்வுக்கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் பெயரால் அதனை 'ஷெர்லி அட்டை' என்று அழைத்தனர். அவருடைய நிறம் சரியாக விழுந்தால் படம் சரி என்பது பொருள். பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் 1990-களில்தான் வந்தன. கருநிறத்தவர் முகம் படத்தில் தெளிவற்றுப் போனதற்கு அவர்களுடைய நிறம் காரணமன்று. அளவுகோல் வேறொருவருக்காகச் செய்யப்பட்டிருந்தது. ஆதலால், 'மாமா கறுப்பு, படத்தில் விழமாட்டார்' என்று வேடிக்கை பேசுவதை விடுத்து, மாமாவின் முகத்துக்கு வேண்டிய ஒளியை அளிப்பதே படம் எடுப்பவரின் கடமை. அவர் முகத்தில் முழு வலிமையோடு நேராக ஒளியை அடித்தால் நெற்றி வியர்வை மட்டும் பளிச்சிடும்; பக்கவாட்டிலிருந்து பரவலான ஒளி கிடைத்தால் முகத்தின் வடிவம் முழுதும் தெரியும்.

பரவலான ஒளியைப் பெற எளிய வழி, பிளாஷை மேல்நோக்கித் திருப்பி வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பச் செய்வது. அதனால் ஏறத்தாழ இரண்டு படி ஒளி செலவாகும், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி ஈடுசெய்யலாம். முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் உள்ள வேற்றுமையும் இதனால் குறையும். ஆனால் மேலே பாருங்கள்! சிவப்புத் துணியோ மஞ்சள் துணியோ கட்டியிருந்தால் அந்த நிறமே எல்லார் முகத்திலும் வந்து படியும். அத்தகைய பந்தலில் கூரையை நம்பாமல், வெள்ளைக் குடையோ வெள்ளைச் சுவரோ தேடிக்கொள்வது நலம்.

குழுப்படத்துக்கு முன் முகூர்த்த நேரம் ஒன்று இருக்கிறது. அங்கே ஷட்டரின் வேலை சிறக்கிறது. ஓமத்தீயின் செம்மை படத்தில் வர வேண்டுமானால் ஷட்டர் 30-இல் அல்லது 60-இல் ஒரு பங்கு விநாடியாக இருக்கட்டும். 200-இல் ஒரு பங்கு வைத்தால் பிளாஷ் பட்ட முகங்கள் அப்படியே இருக்கும். தீயும் குத்துவிளக்கும் மங்கிப் பின்னணி இருண்டுவிடும். மிகவும் மெதுவாக வைத்தால், தாலி கட்டும் கைகள் பிளாஷில் ஒருமுறையும் விளக்கொளியில் ஒருமுறையும் பதிந்து இரட்டையாகத் தெரியும். ஓமப்புகையில் பிளாஷ் லென்ஸுக்கு அருகிலிருந்தால், இடையிலுள்ள புகையே முதலில் ஒளிர்ந்து படத்தை மறைக்கும். விளக்கைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அட்சதை தூவும்போது காமிராவுக்கு ஓரடி தூரத்தில் பறக்கும் அரிசி வெள்ளை உருண்டையாக மணமகளின் முகத்தை மறைப்பதற்கும் கெப்ளர் சொன்ன விதியே காரணம். பந்தலின் பின்புறம் நின்று தூவுகிறவர்களுக்கு முன்னால் நிற்காமல், அவர்களுக்குப் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பகலிலும் பிளாஷுக்கு வேலை உண்டு. திருமலையில் கல்யாண கட்டாவில் முடியிறக்கிவிட்டு வெளியே வந்த குழந்தையை உச்சி வெயிலில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். தலை மினுக்கும், கண்கள் இரண்டும் நிழற்குழிகளாகும். சந்தனம் பூசிய பிறகு எடுத்தால் மினுக்கம் தானே அடங்கிவிடும். கண்ணின் நிழலை நீக்கச் சிறிது பிளாஷ் வேண்டும். தெளிந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 125-இல் ஒரு பங்கு, துவாரம் எஃப் 16 என்பது பழைய, பிழையற்ற கணக்கு. வழிகாட்டி எண் 40 உள்ள பிளாஷ், எஃப் 16-இல் இரண்டரை மீட்டருக்கு முழு ஒளி தரும். குழந்தையை மூன்றரை மீட்டரில் நிறுத்தினால் பிளாஷ் ஒரு படி குறைவாகச் சென்று, வெயிலை வெல்லாமல் நிழலை மட்டும் நிரப்பும். சீனிவாசனுக்கும் பத்மாவதிக்கும் திருமணம் நடந்த தலமென்று போற்றப்படும் நாராயணவனத்துக்குச் செல்லும் புதுமணமக்கள், கோபுரத்தின் முன் நின்று எடுத்துக்கொள்ளும் படத்துக்கும் இக்கணக்குப் பொருந்தும். கைப்பேசியின் விளக்கோ வலிமை குறைந்தது. இரண்டு மீட்டருக்கு அப்பால் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கலாகாது. கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் குழுவை வாசல் நிழலில், திறந்த வானத்தைப் பார்த்து நிற்கவைத்தால் பிளாஷ் இல்லாமலே நல்ல படம் கிடைக்கும்.

பிளாஷை உறையில் இட வேண்டிய இடங்களும் உண்டு. திருமலைக் கோயிலுக்குள் காமிராவுக்கும் கைப்பேசிக்கும் இடமில்லை. மற்றத் தலங்களிலும் பலகையைப் படித்து, கேட்டு அறிந்து நடப்பதே முறை. தடையில்லாத இடத்திலும், வேதம் ஓதும் நேரத்தில் புரோகிதரின் கண்ணெதிரே நொடிக்கொருமுறை ஒளி வீசுவது நாகரிகமாகாது. எண்களை முன்பே தீர்மானித்தவருக்குப் பத்துப் படம் எடுக்க வேண்டியதில்லை, இரண்டு போதும்.

குழுப்படத்துக்கு உரிய வேலைகளை வரிசையாகச் சொல்லி முடிக்கிறேன். பின் வரிசையை மேடையின் படி மேலோ பலகை மேலோ ஏற்றி, முன் வரிசைக்கு நெருங்கி நிற்கச் செய்யுங்கள். நீங்கள் நான்கு எட்டு பின்வாங்குங்கள். தூரத்தை அளந்து துவாரத்தையும் பிளாஷின் வலிமையையும் வையுங்கள். மண்டபத்தின் வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டரை வையுங்கள். ஒரு படம் எடுத்ததும், 'யாரும் நகர வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டு, திரையில் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். மணமக்களைப் பார்ப்பதற்கு முன், கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்பவருடைய முகத்தைப் பாருங்கள். அவருடைய கண்கள் தெரிந்தால் படம் சரி. தெரியாவிட்டால் பிளாஷை அரைப்படி கூட்டி மறுபடியும் எடுங்கள். பந்தி காத்திருக்கிறதென்று யாரேனும் அவசரப்படுத்தக்கூடும். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்று கூடியவர்கள் அனைவரும் மறுபடி ஒரே இடத்தில் நிற்பார்கள் என்பதற்கு உறுதியில்லை.